வெறும் மணலைத் துப்புரவு என்று சொல்லாதீர்கள்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று ஊர்கள் வரவர, வேலிகளுக்குப் பின்னால் வெங்காயப் பாத்தியும் மிளகாய்ச் செடியும் தென்னையும் மாறிமாறித் தெரியும். அந்த வேலிகளில் எதன் ஓரம் நின்று பேசினாலும் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "தோட்டமென்றால் ஒரு புல்லுக்கூட இருக்கப்படாது." நல்ல விவசாயிக்கு அடையாளம் வெள்ளை மணல். பாத்தியோரத்தில் பச்சை தெரிந்தால் அவன் சோம்பேறி, அல்லது கையில் காசில்லாதவன். தென்னைக்கும் அதே அளவுகோல், வீட்டு வளவுக்கும் அதே அளவுகோல். மருந்துக் கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட முற்றத்தில் புல் கிடந்தால் அந்த வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் பிழையானது. வேறெந்த மண்ணில் அது எப்படியோ, புத்தளம் கரையோர மணலில் அது நம்மை ஏழையாக்குகிற பிழை. நம் நிலத்தில் அதிகச் செலவு வைப்பது புல் மூடிய மண்ணைவிட வெறுமையாய்க் கிடக்கும் மணல்தான். அதை இங்கே ஒவ்வொரு வாதமாக எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் மணலைத் தொட்டுப் பார்ப்போம். ஜூலை மாதத்துப் பகல். சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. செருக்கி வெறுமையாக விட்ட ஒரு பாத்தியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, கால் சுடும். கையில் அள்ளினால் மண் விரலிடுக்கில் சர்க்கரை போல ஒழுகும். நான்கு விரல் ஆழம் தோண்டினாலும் ஈரம் தட்டாது. அதே தோட்டத்தின் வேலியோரத்தில் சாரணை பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தால் அதன் கீழே மண் குளிர்ந்து கிடக்கும். கறுத்த துகள்கள், மெல்லிய வேர்கள், ஓடி ஒளியும் சிறு பூச்சிகள். அள்ளினால் கொஞ்சம் உருண்டு நிற்கும். ஒரே மணல், ஒரே வெயில், ஒரே காற்று. ஒன்றுக்கு மேலே போர்வை இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

கற்பிட்டித் தீபகற்பம் முழுவதும் கடல் கொண்டுவந்து போட்ட மணல். களிமண் அதில் மிகக் குறைவு, மக்கு அதைவிடக் குறைவு. நீரையும் பசளையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலையைக் களிமண்ணும் மக்கும்தான் செய்கின்றன. அவை இரண்டும் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்ய உயிருள்ள வேரைத் தவிர வேறு ஆளில்லை. கடலோரத்து மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பதும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. அந்தக் கொடி எதைத் தாங்கி நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்ன வார்த்தை அது. அந்தக் கொடியையும் அரித்து அள்ளிவிட்டுக் காற்று மண்ணைக் கொண்டுபோகிறது என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். "களை பசளையைத் தின்கிறது, தண்ணீரைக் குடிக்கிறது" என்பது முதலாவது. வெங்காயத்தைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. வெங்காயம் பயந்த பயிர். வேர் மேலோட்டமானது, இலை ஈர்க்குப் போல நிமிர்ந்து நிற்குமே தவிர நிலத்துக்கு நிழல் தராது. நட்ட இரண்டாம் கிழமையிலிருந்து ஏறத்தாழ ஆறாம் கிழமை வரை பாத்திக்குள் களையை விட்டால் விளைச்சல் போய்விடும். மிளகாய்க்கும் கன்றுப் பருவத்தில் இதே கதைதான். அந்தக் காலத்தில் கை ஓயாமல் பிடுங்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நாலைந்து கிழமைச் சட்டத்தை வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைக்கும் நீட்டியது யார்? வெங்காயம் கிளப்பிய பிறகு, அடுத்த போகம் வரும்வரை நிலம் சும்மா கிடக்கும்போதும் செருக்குகிறோம், மருந்து அடிக்கிறோம். அப்போது பயிரே இல்லை. களை யாருடைய பசளையைத் தின்கிறது? போகத்தில் நாம் அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாக மணலுக்குள் கிடக்கிறது. ஒக்டோபரில் மாரி இறங்கியதும் அது கரைந்து நேரே கீழே போகிறது. கீழே இருப்பது நாம் குடிக்கிற கிணற்று நீர். உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்தான் தீபகற்பத்தின் முக்கியத் தண்ணீர். மணலுக்கும் அதற்கும் நடுவே தடுக்க ஒன்றுமில்லை. கற்பிட்டியின் தீவிர விவசாயம் நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டுகிறது என்பதைப் பிரித்தானிய நிலவியல் ஆய்வகத்தின் அறிக்கை 1980களின் நடுப்பகுதியிலேயே எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும் ஆபத்தை நினைத்து வைத்த எல்லை அது.

மாரிக்கு முளைக்கும் குப்பைக்கீரையும் சாரணையும் புல்லும் செய்வது என்ன? கிணற்றுக்குப் போகவிருந்த அந்த மிச்சப் பசளையை வேரால் பிடித்து இலையாக்கி மேலே வைத்திருக்கின்றன. பூத்து விதை முற்றுமுன் வெட்டி மண்ணுக்குள் தாழ்த்தினால் அது நம் பாத்திக்கே திரும்பி வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பசளையைக் காவல் காத்துத் தருகிற செடியைத் திருடன் என்று பெயர் வைத்து, காசு கொடுத்தே கொல்கிறோம். அதுவும் மழைக்கு முந்திய கிழமையில், அதாவது அந்தக் காவல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்.

இரண்டாவது வாதம் கூலி. "ஆளுக்குக் கொடுக்கிற கூலியில் ஒரு போத்தல் மருந்து வாங்கலாம், ஒரு டாங்க் அடித்தால் அரை ஏக்கர் முடிந்தது." இந்தக் கணக்கை நான் அலட்சியம் செய்யவில்லை. வெங்காய விலை விழுந்த வருடத்தில் கடன் கட்ட முடியாமல் நிற்கிற விவசாயியிடம் மண்வளம் பற்றிப் பேசுவது லேசு. ஆனால் கணக்கு முழுமையாக இருக்கட்டும். அந்த டாங்க் எதை முடித்தது? கோரையைப் பாருங்கள். மேலே இருக்கும் இலை காய்ந்துவிடும். ஈர மண்ணில் மெல்ல இழுத்துப் பாருங்கள்: ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல் போல ஒரு தண்டு, அடுத்த கிழங்கு, இப்படிச் சங்கிலியாகப் போகும். இலை விடாமல் உறங்கிக் கிடக்கும் கிழங்குக்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. அடுத்த தண்ணீருக்கு அது எழும்பும். உலகத்தின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977இல் வந்த பெருநூலில் முதல் இடம் இந்தக் கோரைக்குத்தான். குப்பைக்கீரை, முள்ளுக்கீரை வகைச் செடி ஒன்று இலட்சத்துக்கு மேல் விதை தரவல்லது. மண்ணில் கிடக்கும் விதையைக் கிளைபோசேற்று தொடாது. மருந்து அடித்த வெறும் மணலில் வெளிச்சம் பட்டதும் அந்த விதைகளே முதலில் முளைக்கின்றன. ஆக, போத்தலின் விலை ஒரு தடவைச் செலவல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் கட்டுகிற வாடகை அது.

வாடகையும் ஏறிக்கொண்டே போகும். கிளைபோசேற்றுக்கு மசியாத புல் 1996இல் அவுஸ்திரேலியாவில் அறியப்பட்டது. அடுத்த வருடமே மலேசியாவில், நம் குரக்கனுக்கு நெருங்கிய உறவான எலியூசின் இன்டிகா என்ற புல் அந்த மருந்தைத் தாங்கி நின்றது. அந்தப் புல் நம் வரப்பிலும் தான் முளைக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளைபோசேற்று மண்ணில் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நீருக்குப் போகாது என்று கடையில் சொல்வார்கள். அது ஒட்டிக்கொள்வது களிமண்ணிலும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளிலும். வெறும் மணலில் அந்தப் பிடிமானம் குறைவு. களிமண் நாட்டுக்குச் சொன்ன சமாதானத்தை மணல் நாட்டுக்குச் சொல்லக் கூடாது.

அப்படியானால் கூலிக்கு வழி? வேலையைக் குறைக்கும் வழி கையிலேயே இருக்கிறது. நடுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே பாத்தியைத் தயாராக்கித் தண்ணீர் விடுங்கள். மேல் மண்ணில் உள்ள விதை முளைத்து வரும். இரண்டிலைப் பருவத்தில், மண்ணைப் புரட்டாமல், உழவாரத்தால் மேலே மட்டும் சுரண்டிவிட்டு நடுங்கள். முதல் களை நீங்கள் நடுமுன்பே முடிந்துவிடும். நட்ட பின் இடைவெளியில் சருகோ தும்புத்தூளோ வைக்கோலோ கிடந்தால் அடுத்த களையும் பாதியாகும். போகத்தின் நடுவில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து பிடுங்கும் வேலை மிஞ்சும். அதற்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் கூலியில் சமைக்கிற அடுப்புகள் இந்தக் கரையில் எத்தனை என்பது நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து இறங்கிய குடும்பங்களின் பெண்கள் பலர், பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்தத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்துதான்.

மூன்றாவது, பயம் காட்டும் வாதம்: புல் இருந்தால் பாம்பு வரும், நுளம்பு வரும், நோய் வரும். பாம்புப் பேச்சு நியாயமானது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள ஊர் இது. வாசல், கிணற்றடி, மலசலகூடத்துக்குப் போகும் பாதை, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவை கண்ணுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்; அங்கே செருக்குங்கள், கூட்டுங்கள். அதற்காக முழு வளவையும் பாலைவனமாக்கத் தேவையில்லை. டெங்கு நுளம்புக்கும் புல்லுக்கும் உள்ள சம்பந்தமோ மிகச் சிறியது. அது முட்டையிடுவது தேங்கிய தெளிந்த நீரில்: சிரட்டையில், யோகட் கோப்பையில், பழைய டயரில், மூடாத தாங்கியில். முற்றத்தை வழித்துத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுப் பின்புறத்தில் சிரட்டைகளைக் குவித்து வைக்கிற வீடுகள் எத்தனை!

பயிர் நோய்க்கும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். மிளகாய்க்கு இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவரும் வெண்ணீக்குச் சில களைகள் இடம் கொடுக்கின்றன என்பது உண்மை. நாற்றுமேடையைச் சுற்றி அவற்றை விடாதீர்கள். ஆனால் வரப்பில் பூத்து நிற்கும் கிணற்றடிப்பூண்டின் தேனை நம்பித்தான், பயிரைத் தின்னும் புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிகளும் வாழ்கின்றன. வரப்பை எரித்துவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது அந்தக் குளவி. புழு திரும்பி வரும், குளவி வராது, நாம் பூச்சி மருந்துக்குப் போவோம். களைமருந்து பூச்சிமருந்துக்குப் பாதை வெட்டிக் கொடுக்கும் விதம் இது.

நான்காவது வாதம் 2021. "மருந்து வேண்டாம் என்று பேசியவர்களால்தானே அந்த வருடம் நாசமானோம்?" அந்த வருடம் இரவோடிரவாகப் பசளைக்கும் மருந்துக்கும் இறக்குமதித் தடை வந்தது, விவசாயி தயாராகக் கால அவகாசம் இல்லை, மாற்று இல்லை, சொல்லித் தர ஆளில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. கிளைபோசேற்றை 2015இல் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்தார்கள், 2022இல் மறுபடி உள்ளே விட்டார்கள். இத்தனை ஆட்டத்துக்கு நடுவில், மருந்து இல்லாமல் களையைச் சமாளிப்பது எப்படி என்று தோட்டத்துக்கு வந்து காட்டிய கை ஒன்றை நான் காணவில்லை. நான் சட்டம் கேட்கவில்லை. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணலுக்கு மூடாக்கு வேண்டும் என்கிறேன். ஆனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பராகுவாட்டை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தியபோது விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. விளைச்சல் விழவில்லை. நாட்டின் தற்கொலைச் சாவுகள் குறைந்தன. அவகாசம் கொடுத்து, மாற்று வைத்து நிறுத்திய நஞ்சு நம்மைப் பட்டினி போடவில்லை.

இந்த "ஒரு புல்லுக்கூடக் கூடாது" என்ற எண்ணம் நம் பாட்டன் முப்பாட்டன் வழியில் வந்ததென்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் முழுதையும் வழித்துவிடும் முறையை இந்தத் தீவில் ஆட்சி செய்ய வைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பி, தேயிலைத் துரைமார். மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளர் கையில் சுரண்டியைக் கொடுத்து, ஏக்கர் கணக்கில் மாதக் கூலி பேசி, ஒரு புல் இல்லாமல் சுரண்டச் சொன்னார்கள். சாய்வில் நின்ற மலையின் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. அந்த இழப்பை ஆராய அரசே குழு வைத்து 1931இல் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. 1951இல் மண்காப்புச் சட்டமும் வந்தது. மலைக்குப் பாடம் ஆகிப்போன அந்த வழக்கத்தை மணலில் இன்னும் பெருமையாகக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

வாசல் கூட்டும் வழக்கம் நமக்குப் பழையது, அதை மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் நம்மவர் செய்தது வேறு. என் உம்மம்மா களை பிடுங்கப் போகும்போது இடுப்பில் ஒரு பழைய சீலைத்துண்டைப் பை போலக் கட்டிக்கொள்வார். பிடுங்குகிற கை நிற்காது. ஆனால் ஒவ்வொரு செடியும் அந்தக் கையில் ஒரு கணம் தங்கும். இளங்குப்பைக்கீரை, சாரணை, பருப்புக்கீரை எல்லாம் சீலைக்குள். புல் ஒரு பக்கம், அது ஆட்டுக்கு. கொழுஞ்சி, பூக்காத பூண்டுகள் தென்னைமரத்தடிக்கு. விதை முற்றியதும் கோரைக்கிழங்கும் மட்டும் எரிக்கிற குழிக்கு. பகலில் அந்தக் கீரை தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்ந்து சுண்டலாகச் சோற்றோடு வரும். "களை" என்று மொத்தமாக ஒரு பேர் அவர் வாயில் அரிதாகத்தான் வரும். அவரிடம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பேர் இருந்தது. டாங்கைத் தோளில் மாட்டியவனுக்கு அந்தப் பேர்கள் தேவைப்படுவதில்லை. தேவைப்படாத பேர் ஒரு தலைமுறையில் செத்துப்போகிறது. பேர் செத்த செடி அப்புறம் வெறும் களைதான்.

வடக்கே யாழ்ப்பாணத்தில் காவிளாய் என்று சொல்லித் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தினார்களே, அதுதான் இந்தக் கொழுஞ்சி. காற்றின் நைதரசனை வேர் முடிச்சில் சேர்க்கும் செடி. அவர்கள் தேங்காய்ப்பூக்கீரை என்பதைச் சிங்களத்தில் பொல்பலா என்கிறார்கள். கடையில் பொட்டலமாக வாங்கி அவித்துக் குடிக்கிறோம். தென்னைக்குக் கீழே அதுவாக முளைத்தால் மருந்து அடிக்கிறோம். தென்னையைப் பற்றிச் சந்தேகமென்றால் நம் மாவட்டத்திலேயே, லுணுவிலவில், 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரத்தடியில் பசளை போடும் ஆறடி வட்டத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, இடைநிலத்தில் புவேரேரியா போன்ற அவரைக்கொடிகளை மூடுபயிராக விடுவதும், புல்லை வேரோடு கிளப்பாமல் வெட்டி அங்கேயே போடுவதும், மாடு கட்டுவதும் தென்னை ஆராய்ச்சி பல காலமாகச் சொல்லிவரும் வழிகள். வெறும் மணலில் நிற்கும் தென்னையை அது கேட்டதில்லை.

கீரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மருந்து பட்ட வரப்பிலிருந்தும், யூரியா போட்டுச் சில நாளே ஆன பாத்தியிலிருந்தும் பிடுங்கிச் சமைக்காதீர்கள். முளைக்கீரைக் குடும்பம் நைத்திரேற்றை இலையில் சேர்த்து வைக்கும் குணமுடையது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையை அளவோடு உண்ண வேண்டும்.

எல்லாச் செடிக்கும் நான் வக்கீல் அல்ல. இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்ததாகச் சொல்லப்படும் பாத்தினியம் கண்ணில் பட்டால், பூக்குமுன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். தோலைப் புண்ணாக்கும், மேய்ச்சலைக் கெடுக்கும். நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரைக்கு 1909இலேயே இந்த நாட்டில் தனிச்சட்டம் வந்தது. பற்றைக்காடாகப் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடி 1826இல் அழகுக்காகப் பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது. இவற்றோடு சண்டை போடத்தான் வேண்டும். அந்தச் சண்டைக்கு வேண்டிய நேரத்தையும் கூலியையும் சாரணையைச் சுரண்டுவதில் தொலைக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

என் பேச்சை நம்ப வேண்டாம். இந்த வருடம் வெங்காயம் கிளப்பியதும், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாத்தியைத் தெரிந்தெடுங்கள். ஒன்றை வழக்கம்போலச் செருக்கி வெள்ளையாக வைத்திருங்கள். மற்றதில் மாரிக்கு முளைப்பதை முளைக்க விடுங்கள். பூ எடுக்கும்போது வெட்டி அதன் மேலேயே போடுங்கள். மறுபடி முளைத்தால் மறுபடி வெட்டுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் என்ன நானா, காடு வளர்க்கிறீங்களா என்று கேட்பார், கேட்கட்டும். ஜனவரி கடைசியில், மழை விட்டு ஒரு கிழமை கழித்து, இரண்டிலும் குனிந்து ஒவ்வொரு பிடி மண் அள்ளுங்கள். ஒன்று விரலிடுக்கில் ஒழுகிப் போகும். எது கையில் நிற்கிறதோ அந்தப் பாத்தியில் அடுத்த வெங்காயத்தை நடுங்கள்.